தூண்டிலில் ஒன்றிரண்டு மீன் பிடிப்பவருக்கும் தடைக்காலம் எதற்கு? பிடித்துத் திரும்ப விட்டால் போதாதா?

விடுமுறை கிடைத்த வாரமும் தடைக்காலமும் ஒன்றாக வந்து விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோல், நரம்பு (தூண்டில் நூல்) எல்லாம் தயார். நீங்கள் தேடும் மீனுக்கு மட்டும் தடை. எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. தூண்டில்காரர் எடுப்பது கணக்கில் வராத அளவு என்பது ஒன்று. திரும்ப விட்ட மீனுக்கு ஒன்றும் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல.

அளவைப் பற்றி முதலில். மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கப் பகுதியில் ரெட் ஸ்னாப்பர் மீனுக்கு ஆண்டுதோறும் ஓர் ஒதுக்கீடு உண்டு. அதில் 51 சதவீதம் வணிகப் படகுகளுக்கு, 49 சதவீதம் பொழுதுபோக்காகப் பிடிப்பவர்களுக்கு. கிட்டத்தட்ட சரிபாதி! "பெரிய படகுகளை விட்டுவிட்டு எங்கள் கழுத்தைப் பிடிக்கிறீர்களே" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய படகுகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அதே வளைகுடாவில் இறால் பிடிக்கும் இழுவை வலைகளில் சிக்கிச் செத்த ரெட் ஸ்னாப்பர் குஞ்சுகள் பெரிய பிரச்சினையாக இருந்தன, அதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆனால் ஒரு பக்கத்தின் தவறு இன்னொரு பக்கத்துக்கு விலக்கு ஆகாது. நீங்கள் இரண்டு மீன் எடுக்கிறீர்கள். உங்களைப் போல் லட்சம் பேர் அதே சனிக்கிழமை, அதே பாறைக்கு மேல் தூண்டில் போடுகிறார்கள்.

எத்தனை எடுக்கிறோம் என்பதைவிட, எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பதுதான் தடைக்காலத்தின் அடிப்படை. கொடுவாய் மீனைப் பாருங்கள். அது முதலில் ஆணாக முதிர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, சுமார் 80 செ.மீ. நீளத்தை ஒட்டி, பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவாய் என்றாலே பெரும்பாலும் பெண். ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். அது நன்னீரில் முட்டையிடாது. உப்பு வேண்டும் என்பதால் கழிமுகத்துக்கு இறங்கி வந்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) முட்டையிடும். ஏறும் தண்ணீர் முட்டைகளையும் பொரிந்த நுண்குஞ்சுகளையும் அலையாத்திச் சதுப்புக்குள் கொண்டு சேர்க்கும். ஆற்றின் நீளம் முழுவதும் சிதறியிருந்த மீன்கள் அந்தச் சில வாரங்களில் ஒரு குறுகிய வாயில் வந்து நிற்கின்றன. மற்ற மாதங்களில் நாள் முழுக்க வீசினாலும் ஒன்றுதான் கடிக்கும் என்ற இடத்தில் அப்போது பத்து கடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கிழக்குக் கடற்கரையில் கொடுவாய்க்கு நவம்பர் 1 நண்பகல் முதல் பிப்ரவரி 1 நண்பகல் வரை தடை இருப்பது இதனால்தான். மற்ற மாதங்களிலும் 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. கீழ்வரம்பு, ஒருமுறையாவது இனம் பெருக்க வாய்ப்புத் தருகிறது. மேல்வரம்பு, மிகப் பெரிய பெண் மீன்களைக் காக்கிறது. அங்கே குஞ்சு விட்டு வளர்க்கும் அணைகள் சிலவற்றில் தடைக்காலத்திலும் கொடுவாய் பிடிக்கலாம். இதை அநியாயம் என்பவர்கள் காரணத்தைக் கவனிப்பதில்லை. அணைக்குள் அடைபட்ட கொடுவாயால் கடலுக்கு இறங்க முடியாது. அங்கே அது இனம் பெருக்கப்போவதே இல்லை.

கூட்டம் சேரும் மீன்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதுதான் தூண்டில்காரர்களை அதிகம் ஏமாற்றுகிறது. இனம் மொத்தமாகக் குறைந்துகொண்டே வரும்போதும், மிச்சமிருக்கும் மீன்கள் பழைய இடத்திலேயே வந்து கூடும். அதனால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் எண்ணிக்கை குறையாது. "போன வருடமும் இவ்வளவு கிடைத்தது, இந்த வருடமும் கிடைக்கிறது, மீன் குறைந்துவிட்டது என்று யார் சொன்னது?" என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் கோடையில் மணல்தரையில் கூடும் பார்ட் சாண்ட் பாஸ் மீனுக்கு இதுவே நடந்தது. கூட்டத்தின் மேல் தூண்டில் போட்டவர்களுக்குக் கடைசிவரை நன்றாகக் கிடைத்தது. கூட்டம் கலைந்த பிறகுதான் சரிவு தெரிந்தது. 2013இல் குறைந்தபட்ச நீளத்தை 12 அங்குலத்திலிருந்து 14 ஆக்கி, நாளுக்குப் பத்து என்பதை ஐந்தாகக் குறைத்தார்கள். எதிர்ப்பக்கத்து உதாரணம் கரீபியக் கடலின் கேமன் தீவுகளில் உண்டு. அங்கே 2003 முதல் நாசாவ் களவா மீன்கள் கூடும் இடங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். லிட்டில் கேமனில் குளிர்காலப் பௌர்ணமிகளை ஒட்டிக் கூடும் கூட்டம் 2018 வாக்கில் ஏழாயிரத்தை எட்டியது. முதல் சில ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் இல்லை. மூன்று வருடத் தடைக்குள் மீன் பெருகவில்லை என்று கோபப்படுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி "பிடித்து விட்டுவிடுகிறேன்" என்பதற்கு வருகிறேன்.

கூடு காக்கும் மீன்களிடம் இந்த வாதம் செல்லாது. ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனில் ஆண்தான் அடித்தளத்தில் குழி பறித்து, முட்டைகளையும் பிறகு குஞ்சுகளையும் சில வாரங்கள் காவல் காக்கும். அந்த நேரத்தில் அது பசியால் கடிப்பதில்லை. கூட்டருகே வந்ததை விரட்டக் கடிக்கிறது. அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சிக்குகிறது. ஐந்து நிமிடம் நீங்கள் அதைப் பிடித்து அளந்து படமெடுக்கும்போது கூட்டில் காவல் இல்லை. வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் ரவுண்ட் கோபி என்ற வந்தேறி மீன் இந்த இடைவெளியில் புகுந்து முட்டைகளைத் தின்னும். களைத்துத் திரும்பும் ஆண் மீன், கூடு பாதி காலியாகிவிட்டால் அதைக் கைவிட்டும் போகலாம். நீங்கள் விட்ட மீன் பிழைக்கும், அதன் குஞ்சுகள் பிழைக்காது. ஆஸ்திரேலியாவின் மர்ரே காட் மீனிலும் ஆண்தான் காவல். நியூ சவுத் வேல்ஸில் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை, ஓரிரு அணைகள் நீங்கலாக, திரும்ப விடும் எண்ணத்தோடு குறிவைத்தாலும் குற்றம் என்று விதி இருப்பதற்கு இதுதான் காரணம்.

கூடு காக்காத மீனுக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க அட்லாண்டிக் கரையின் ஸ்டிரைப்ட் பாஸை மதிப்பிடும்போது, தூண்டிலில் பிடித்து விட்டவற்றில் 9 சதவீதம் செத்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் ஒரு நாளில் 30 மீன் பிடித்து முப்பதையும் விட்டால், சராசரியாக இரண்டு அல்லது மூன்று சாகும். ஒரு மீன் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவரைவிட அவர் அதிகம் கொன்றிருக்கிறார். தண்ணீர் சூடானால் இது இன்னும் மோசமாகும்: சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் மீள முடியாது. மேரிலாந்தில் ஜூலை 16 முதல் 31 வரை அந்த மீனைக் குறிவைக்கவே தடை போட்டார்கள். அதற்கும் முட்டையிடுதலுக்கும் சம்பந்தமில்லை, சூட்டுக்கான தடை அது. ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் பக்கம் ஸ்நூக் மீனுக்கு வருடத்தில் இரண்டு தடை: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடுவதற்காக, டிசம்பர் 15 முதல் ஜனவரி 31 வரை குளிருக்காக. குளிரில் விறைத்துப்போன ஸ்நூக் ஓட முடியாமல் வெதுவெதுப்பான மூலைகளில் ஒண்டும், அள்ளிக்கொண்டு போகலாம். 2010 ஜனவரிக் குளிரில் செத்துக் குவிந்த பிறகு ஃப்ளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 2013 செப்டம்பர் வரை எடுக்கவே விடவில்லை.

ஆழத்திலிருந்து வரும் மீனுக்கு வேறு சிக்கல். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கிருந்து மேலே இழுத்தால், மீன் மிதக்க உதவும் நீந்துபையில் உள்ள காற்று நான்கு மடங்கு விரியும். வாய் வழியே இரைப்பை பிதுங்கும், கண் புடைக்கும், மீன் வயிறு மேலாக மிதக்கும். பிதுங்கியதைச் சிலர் ஊசியால் குத்துகிறார்கள். அது இரைப்பை, நீந்துபை அல்ல, குத்தாதீர்கள். மீனை மறுபடி ஆழத்துக்கு இறக்குவதே நல்ல வழி. ஒரு பெரிய தூண்டில் முள்ளின் எதிர்க்கூரை, அதாவது பின்னோக்கி நிற்கும் சிறு முனையை, குறடால் நசுக்குங்கள். நரம்பை முள்ளின் வளைவில் கட்டுங்கள், ஈயக்குண்டை முள்ளின் காதில் (நரம்பு கட்டும் வளையத்தில்) தொங்கவிடுங்கள். இப்போது கூர்முனை கீழ்நோக்கி நிற்கும். அதை, ஏற்கெனவே முள் குத்திய துளையில் மேலிருந்து மாட்டி இறக்குங்கள். பாதி ஆழமாவது போனபின் நரம்பை வெடுக்கென்று மேலே இழுத்தால் முள் கழன்றுவிடும். சிறு மீனுக்கு அரைக் கிலோ குண்டு போதும். பெரியதற்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். குறைந்தால் மீன் குண்டையும் சேர்த்து மேலே மிதக்கும். மெக்சிகோ வளைகுடாவில் 2022இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம் கேட்ட குறைந்தபட்ச அளவு 16 அவுன்ஸ் எடையும் 60 அடி நரம்பும்.

தடைக்காலம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007இல் ரெட் ஸ்னாப்பருக்குப் பொழுதுபோக்குப் பருவம் 194 நாள். 2014இல் 9 நாள். 2017இல் அறிவித்தது 3 நாள். எதிர்ப்புக்குப் பின் 39 நாள் சேர்த்தார்கள். காரணம், மீன் பெருகிப் பெரிதானது. ஒதுக்கீடு எடையில் இருந்ததால் சீக்கிரம் தீர்ந்தது. நாள் குறையக் குறைய எல்லோரும் அந்த நாட்களிலேயே குவிந்தார்கள், காற்றும் அலையும் பார்க்காமல் கடலுக்குப் போனார்கள். மாநிலக் கடற்பகுதிகள் தனியாகத் திறந்திருந்தன. நாட்களை வெட்டினால் பிடிப்பும் அதே அளவு குறையும் என்று நம்பியது பிழை. நாளுக்கான எண்ணிக்கை, நீள வரம்பு, பிடிப்பைப் பதிவு செய்தல் எல்லாம் சேர்ந்தால்தான் தடை வேலை செய்யும்.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சினை நிறைந்த பெரிய மீனை, தாடையில் இடுக்கி மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்த்துப் படம் எடுக்கிறார்கள், பிறகு "விட்டுவிட்டேன்" என்று எழுதுகிறார்கள். தண்ணீர் தாங்கிய உடம்பு அது. பத்துக் கிலோ எடை முழுவதும் தாடை மூட்டிலும் கழுத்து இணைப்பிலும் இறங்குகிறது, உள்ளுறுப்புகள் கீழே சரிகின்றன. தாடை கழன்ற மீன் நீந்திப் போகும், பிறகு இரை பிடிக்க முடியாது. ஈரமான கைவலையிலோ, ஒரு கை வயிற்றுக்கடியில் தாங்கியோ பிடிப்பதில் என்ன கஷ்டம்? எடை எதற்கு, நீளம் போதாதா?

தடைக்காலத்தில் வேறு மீன் தேடிப் போவதாக இருந்தால் இடத்தையும் மாற்றுங்கள். கொடுவாய்க் கழிமுகத்தில் நின்று "வேறு மீனுக்கு வீசினேன்" என்பது எடுபடாது. சிறிய முள், சிறிய இரை போடுங்கள். இயற்கை இரைக்கு வட்ட முள் நல்லது, தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். தடையுள்ள மீன் தற்செயலாக இரண்டு முறை வந்துவிட்டால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். வந்த மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை ஒட்ட வெட்டுங்கள். உலர்ந்த துணியால் பிடித்தால் உடம்பின் வழவழப்புப் படலம் உரிந்து பூஞ்சை பிடிக்கும்.

விதியைப் படிக்கும்போது தேதியை மட்டும் பார்க்காதீர்கள். தடை பிடிப்பதற்கா, வைத்திருப்பதற்கா, குறிவைப்பதற்கா என்பதைப் பாருங்கள். வைத்திருக்கத் தடை என்றால், தடை தொடங்கும் முன் பிடித்து உறைபெட்டியில் இருப்பதற்கு விலக்கு உண்டா என்றும் பாருங்கள். தொடக்கம் நள்ளிரவா நண்பகலா, எல்லைக்கோடு ஆற்றில் எங்கே என்பதும் முக்கியம். ஒதுக்கீடு தீர்ந்தால் பருவத்தின் நடுவிலேயே மூடுவதும் உண்டு. போன வாரம் பார்த்த தேதியை நம்பாமல் கிளம்புவதற்கு முந்தின இரவு மறுபடி பாருங்கள்.