ஆளில்லாத தெருவில் நடந்தவர்கள்

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்து வேலூர்ப் படங்களை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். கோட்டை, அகழி, கோயில் மண்டபம், ஆளரவமே இல்லாத தெருக்கள்... எவ்வளவு சுத்தம், எவ்வளவு அமைதி! இன்று ஆபீசர்ஸ் லைனில் கால் வைக்க இடமில்லை. அவ்வளவு அழகான ஊரை நாம்தானே கெடுத்தோம்?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: படங்களைத் தேடிச் சேர்த்ததற்குப் பாராட்டு. ஆனால் அவற்றைப் பார்த்து நீங்கள் வந்திருக்கும் முடிவு தவறு. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

தெருவில் ஆள் இருந்தார்கள். படத்தில்தான் விழவில்லை. 1850களிலிருந்து ஏறக்குறைய 1880 வரை பெரும்பாலான படக்காரர்கள் கையாண்டது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான ரசாயனக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்திலேயே இருட்டுக் கூடாரம் அடித்திருப்பார்கள். வேலூர் வெயிலில் ஒரு தகடு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் காலை வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். லென்ஸைத் திறந்து வைக்கும் நேரம் நல்ல வெளிச்சத்தில் சில விநாடிகள்; மண்டபத்துக்குள் என்றால் நிமிடக் கணக்கு. அந்த நேரத்தில் குறுக்கே நடந்து போனவர் தகட்டில் தெளிவாகப் பதியமாட்டார். நின்றவர் மட்டும்தான் தெளிவாகப் பதிவார்.

உங்கள் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மாட்டுவண்டி இருந்தால் சக்கரத்தின் ஆரக்கால்களை எண்ணிவிடலாம். மாட்டின் தலை மட்டும் புகையாகக் கலைந்திருக்கும். ஈ விரட்டத் தலையை ஆட்டியிருக்கிறது. சுவரோரம் சாம்பல் நிறத்தில் ஒரு கறை தெரிந்தால் அதைத் தகட்டின் பழுது என்று தள்ளிவிடாதீர்கள். வேலைக்குப் போன ஒரு மனிதராக அது இருக்கலாம். உலர்தகடு வந்து, நொடிக்குள் படமெடுக்க முடிந்த பிறகு வந்த அஞ்சல் அட்டைகளில் கடைத்தெருக்கள் நிரம்பி வழிகின்றன. ஜனங்கள் திடீரென்று எங்கிருந்தும் வந்து குதிக்கவில்லை.

கோயில் மண்டபத்தின் அமைதி என்கிறீர்களே, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளிகளையும் குதிரை வீரர்களையும் ஃபெர்குசன் போன்ற கட்டடக்கலை ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வியப்பு உண்மையானது. ஆனால் அதே காலத்தில் அந்தக் கோயிலில் மூலவர் இல்லை, பூஜை இல்லை. ஆங்கிலேயப் படை அதை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தது. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மறுபடி விளக்கெரிந்தது. படத்தில் பூக்காரி இல்லை, அர்ச்சனைத் தட்டு இல்லை, தூணில் சாய்ந்து தூங்கும் கிழவர் இல்லை. அதை அமைதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று பிரதோஷ நாளில் அங்கே போனால் இடிபடுகிறோமே, அந்தக் கூட்டம்தான் அந்த இடத்துக்கு இயல்பு.

இன்னொன்று. ‘1806 வேலூர்ப் புரட்சியின் அரிய புகைப்படம்’ என்று ஒரு படம் கைக்குக் கை வருகிறது. உங்கள் சேகரிப்பிலும் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10. பிரான்சின் டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் இந்தக் கோட்டையில் சிறையிருந்து மறைந்ததும் 1832இல். அவருக்கும் புகைப்படம் இருக்க முடியாது.

யார் எடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள் என்று கேட்காமல் ஒரு படத்தையும் நம்பக் கூடாது. லின்னேயஸ் டிரைப் ராணுவக் கேப்டன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி, ராயக்கோட்டை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக ஒட்டினார். அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். செலவு அதிகம் என்று கவர்னர் டிரெவெலியன் அந்த வேலையை நிறுத்தியது நமக்குத்தான் நஷ்டம்.

வில்லோபி வாலஸ் ஹூப்பரும் ராணுவ அதிகாரிதான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தீர்களா? எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்து, அசையாமல் இருக்கச் சொல்லி எடுத்தவை. அந்தப் பஞ்சம் வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தையும் விடவில்லை. 1871 கணக்கில் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்ட ஜனத்தொகை, 1881 கணக்கில் ஏறக்குறைய 18 லட்சம். வளர்ந்திருக்க வேண்டிய பத்தாண்டில் இரண்டு லட்சம் குறைந்திருக்கிறது. செத்தவர்கள் எத்தனை, ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை என்று பிரித்துப் பார்த்தாலும் பாரம் குறையாது. நீங்கள் சுத்தம், அமைதி என்று ரசிக்கும் தெருக்களின் காலம் அதுதான். ஒரு கேமரா கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று கஞ்சித் தொட்டியைப் பார்த்தது. முதலாவதை மட்டும் சேர்த்துக்கொண்டு ‘பொற்காலம்’ என்று பெயர் வைப்பது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மிஷன்காரர்கள் எடுத்த படங்கள் வேறு ரகம். 1853இல் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன், பிறகு 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பணி ஆகியவை சார்ந்த படங்களில் நோயாளிகள், குழந்தைகள், மரத்தடி வைத்தியம் எல்லாம் இருக்கும். கடல் கடந்து போய் அமெரிக்காவில் ஆதரவு திரட்டவும் இத்தகைய படங்கள் பயன்பட்டன. அதனால் வேலூரே நோயாளிகளின் ஊர் என்று தோன்றிவிடும். அதுவும் பாதிதான்.

படத்தின் கீழே ‘வட ஆற்காடு’ என்று போட்டிருந்தால் உடனே வேலூர் என்று எழுதிவிடாதீர்கள். 1911 வரை மாவட்டத் தலைநகர் சித்தூர். திருப்பதி, சந்திரகிரி, காளஹஸ்தி எல்லாம் இந்த மாவட்டத்தில் இருந்தவை. காளஹஸ்தியின் ராஜகோபுரம் 2010இல் சரிந்து விழுந்தது. பழைய கோபுரம் நிற்கும் படம் ஒன்று ‘வேலூர்க் கோயில்’ என்ற பெயரில் உங்கள் பெட்டியில் கிடந்தால், அது யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேராது.

நாம் கெடுத்தது உண்டா? உண்டு. பாலாற்றைக் கெடுத்தது நாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் கோபத்தை அங்கே காட்டுங்கள். அதற்கு ஆளில்லாத தெருவின் படம் ஆதாரமாகாது. ஆற்றில் வெள்ளம் புரளும் பழைய படமும் ஆகாது. பாலாறு அன்றும் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகவே கிடந்த ஆறுதான். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடியது. 1903இல் அது பெருகி வாணியம்பாடியை அடித்துப் போனதும் சரித்திரம்.

அந்தக் காலத்து ஆல்பங்களில் என்னை உறுத்துவது இன்னொன்று. நம் ஜனங்களின் படங்களுக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கும், தொழிலின் பெயர் இருக்கும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்த காலம் அது. அளக்கப்பட்டவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. கேமராவுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் யார் மகள், எந்தத் தெரு என்று இனி யாரைக் கேட்பது?

உங்கள் வீட்டில் அப்படி ஆகவேண்டாம். டிரங்குப் பெட்டியில் தாத்தா ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கும். பின்னால் திரையில் வரைந்த மாளிகையும் படிக்கட்டும் இருக்கும். அந்தப் படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றால் இந்த வாரமே போய் உட்காருங்கள். சொல்வதைப் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். எங்களுக்கு நகல் அனுப்பினால் வெளியிடுகிறோம். அனுப்பும்போது பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்: ஸ்டூடியோ முத்திரை, அஞ்சல் அட்டையானால் தபால்தலையில் உள்ள அரசரின் முகம், யாரோ கிறுக்கிய கணக்கு, எதுவானாலும்.