எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்? ராமநாதபுரம் கடலோர வாசகர்களின் கேள்விகள், பதில்கள்

கணினித் திரைக்குப் படம் வரைந்து தரும் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் பற்றி ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். ரூபாயில் சொல்லும் விலை, என்விடியா 2025 தொடக்கத்தில் இந்தியாவுக்கு அறிவித்த விலை. கடையில் இதைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். ஆனால் ஒரு கார்டை இன்னொன்றோடு ஒப்பிட இந்தக் கணக்கு போதும். கீழே 40, 50 என்று தொடங்கும் நான்கு இலக்க எண்கள் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டுகள் (40 முந்தைய வரிசை, 50 அதற்கு அடுத்தது); 9070 எக்ஸ்டி, 7900 எக்ஸ்டிஎக்ஸ் இரண்டும் ஏஎம்டியின் கார்டுகள்.

கேள்வி: 4கே மானிட்டர் வாங்கிவிட்டேன். ஆர்டிஎக்ஸ் 5080 வாங்கத்தான் காசு சேர்த்தேன். நண்பர்கள் 5070 டிஐ போதும் என்கிறார்கள், சிலர் ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி என்கிறார்கள். ஐயா, எதை வாங்குவது?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: 5070 டிஐ வாங்குங்கள். 5080-இன் அறிவிப்பு விலை 1,07,000 ரூபாய், 5070 டிஐ 80,000 ரூபாய். விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 4கே-இல் வேகம் கூடுவதோ சுமார் 15 சதவீதம்தான். 5070 டிஐ-இல் நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) வந்தால் 5080-இல் 69 வரும். அதற்கு 27,000 ரூபாய் அதிகம். இரண்டிலும் நினைவகம் ஒரே அளவுதான்: 16 ஜிபி, ஜிடிடிஆர்7 என்ற நினைவக வகை, தரவு போக 256 பிட் பாதை. நாளைக்கு 16 ஜிபி போதாத கேம் வந்தால் இரண்டும் ஒன்றாகவே திணறும். 5080-இன் 24 ஜிபி வடிவம் ஒன்று இருந்திருந்தால் நம் பதிலே வேறாக இருந்திருக்கும்.

9070 எக்ஸ்டி 2025 மார்ச்சில் 599 டாலருக்கு வந்தது. 5070 டிஐ-இன் அறிவிப்பு விலை 749 டாலர். சாதாரண கேம்களில் இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பாத் டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழல், பிரதிபலிப்பு வரைவது) போட்டால் 9070 எக்ஸ்டி நன்றாகவே பின்தங்கும். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4, படத் தரத்தில் பழைய எஃப்எஸ்ஆரைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதை ஏற்கும் கேம்கள் என்விடியாவின் அதே வகை டிஎல்எஸ்எஸ்-ஐ ஏற்பவற்றைவிடக் குறைவு. நீங்கள் விளையாடும் நாலைந்து கேம்களை எழுதி, அவற்றில் எஃப்எஸ்ஆர் 4 உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால், கடையில் 9070 எக்ஸ்டி பத்தாயிரத்துக்கு மேல் குறைவாகக் கிடைக்கும்பட்சத்தில், அதை எடுங்கள். வித்தியாசம் ஐந்தாயிரம்தான் என்றால் 5070 டிஐ.

கேள்வி: 5090 வாங்கப் போகிறேன். 850 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. அதுவே போதுமா? பவர் கனெக்டர் உருகுவதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா?
– வாசகர், மண்டபம்

பதில்: போதாது. 5090 மட்டுமே 575 வாட் இழுக்கும். என்விடியா பரிந்துரைப்பது 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில், கார்டுக்கான 12வி-2x6 மின்கேபிள் நேரடியாக வரும் மாடலாக வாங்குங்கள்.

உருகுவது உண்மை. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 48 ஆம்பியர். அதைச் சுமப்பவை ஆறு பின்கள். ஒரு பின்னுக்கு 8 ஆம்பியர். அந்தப் பின்னின் எல்லையே 9.5 ஆம்பியர்தான். பழைய 8-பின் கனெக்டரில் 150 வாட்டை மூன்று பின்கள் சுமந்தன, ஒன்றுக்கு 4 ஆம்பியர் சொச்சம். அங்கே ஒரு பின் தளர்ந்தாலும் தாங்கும் இடம் இருந்தது. 5090-இல் அந்த இடம் இல்லை. ஆறு பின்களும் கார்டுக்குள் போனதும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், எந்தப் பின்னில் எவ்வளவு ஓடுகிறது என்று பெரும்பாலான கார்டுகளுக்குத் தெரியாது. இரண்டு பின்கள் சரியாகப் பிடிக்காவிட்டால் மீதி நான்கில் 12 ஆம்பியர் வீதம் ஓடும், கார்டு அமைதியாகவே இருக்கும். ஆஸுஸ் ஆஸ்ட்ரல் வரிசையில் ஒவ்வொரு பின்னையும் தனியாக அளந்து எச்சரிக்கும் வசதி உண்டு.

செய்ய வேண்டியவை: கேபிளை 'டக்' என்று பூட்டும்வரை நேராக அழுத்துங்கள். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், கனெக்டருக்கும் சாக்கெட்டுக்கும் இடையே கோடளவு இடைவெளிகூட இருக்கக் கூடாது. சாக்கெட்டிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துகிறது என்றால் கேபினெட் சிறியது, அதை மாற்றுங்கள். வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்-இன் கேபிளைப் போடவே வேண்டாம், மறுமுனையின் பின் வரிசை மாறும். அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிப்பு தளரும், அதனால் தேவையில்லாமல் தொடாதீர்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 460 வாட் ஆகும், ஒரு பின்னுக்கு 6.4 ஆம்பியர். வேகம் பெரும்பாலான கேம்களில் பத்து சதவீதத்துக்குள்தான் குறையும். ஏசி இல்லாத அறையில் இதைச் செய்யாமல் 5090-ஐ ஓட்டக் கூடாது என்பதே எங்கள் கருத்து. விளையாடும்போது திரை கறுத்து, விசிறிகள் முழு வேகத்தில் சுற்றினாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, உடனே மெயின் சுவிட்சை அணைத்து கனெக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பிளெண்டர் வேலையும் சொந்தக் கணினியில் ஏஐ மாடல்களும் ஓட்ட வேண்டும். புது 5080-ஆ, பழைய 4090-ஆ, 7900 எக்ஸ்டிஎக்ஸ்-ஆ?
– வாசகர், தொண்டி

பதில்: உங்கள் வேலைக்கு வேகத்தைவிட நினைவகம் முக்கியம். 5080-இல் 16 ஜிபி. மற்ற இரண்டிலும் 24 ஜிபி. 32 பில்லியன் எண்கள் (பாராமீட்டர்) கொண்ட ஏஐ மாடலை, எண்ணுக்கு 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 20 ஜிபி பிடிக்கும். 24-இல் அடங்கும், 16-இல் அடங்காது. அடங்காதது சாதாரண ரேமுக்கு வழியும், வேகம் பல மடங்கு விழும். 70 பில்லியன் மாடல் 40 ஜிபி கேட்கும், அது 5090-இன் 32 ஜிபியிலும் முழுதாக உட்காராது.

முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரில், படத்தை வரையும் சைக்கிள்ஸ் பகுதிக்கு என்விடியாவின் ஆப்டிக்ஸ் வழி, ஏஎம்டியின் ஹிப் வழியைவிடத் தெளிவாக வேகம். 7900 எக்ஸ்டிஎக்ஸ் ஏஐ மாடலுக்கு ஓடும், ஆனால் லினக்ஸ் தெரிந்தவருக்கே அது நிம்மதி. ஆகவே பழைய 4090 நல்ல நிலையில் கிடைத்தால் அதுதான். எச்சரிக்கை: சிப்பையும் நினைவகத்தையும் எடுத்துவிட்ட வெற்று 4090-கள் பழைய சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. கண்ணெதிரே ஓட்டிக் காட்டாத கார்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பம் சராசரியைவிட 25 டிகிரிக்கு மேல் கூடினால், வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. பவர் சாக்கெட்டில் பழுப்பு நிறம் இருந்தாலோ, ஸ்லாட்டில் செருகும் முனையின் கொக்கி அருகே போர்டில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 5070 கார்டு 4090-க்குச் சமம் என்று கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: வேண்டாம். 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னது அது. ஒரு ஃப்ரேமை வரைந்து மூன்றை ஊகித்து நிரப்பும் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஊகித்த ஃப்ரேம் உங்கள் மவுஸ் அசைவை அறியாது. 5070-இல் 12 ஜிபி, 4090-இல் 24 ஜிபி.

கேள்வி: ஒரு வருடத்திலேயே கார்டின் பின்தகடு துருப்பிடித்துவிட்டது. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளேயும் கெட்டுப் போகுமா? கோட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: தகடு துருப்பிடித்தால் கார்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் உள்ளேயும் உப்பு போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது படிந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். தூசியோடு சேர்ந்த அந்த ஈரப்படலத்தில் மின்சாரம் கசியும், சிறு ஈயப்பற்றுகள் அரிக்கும். இரவில் உங்கள் ஊரில் 75 என்பது சாதாரணம்.

ஸ்பிரே வேண்டாம். கனெக்டருக்குள் போனால் தொடர்பு அறும், தெர்மல் பேடில் பட்டால் வெப்பம் கடத்தாது, வாரண்டியும் போகும். அதைவிடப் பயனுள்ளது, கணினியைத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டுவது. ஓடும் கார்டு சூடாக இருப்பதால் அதில் ஈரம் தங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் அணைத்தே வைத்திருக்கும் கணினிதான் சீக்கிரம் கெடுகிறது.

கேபினெட்டில் காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகள் மூன்று, வெளியே தள்ள ஒன்று என்று வையுங்கள், இழுக்கும் பக்கம் எல்லாம் வலை ஃபில்டர். அப்போது இடுக்கு வழியாகத் தூசி நுழையாது. சன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோயரில் ஊதுங்கள், ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிதமிஞ்சிச் சுற்றி பேரிங் போகும். தங்கமுலாம் முனையை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பரால் அழிப்பது பல கடைகளில் வழக்கம், அது மெல்லிய தங்கப்பூச்சைத் தேய்த்து எடுத்துவிடும், கடலோரத்தில் அந்தப் பூச்சுதான் காவல்.

ஏசி அறையானால் 20-இல் வைக்காதீர்கள், 26 போதும். குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக்காற்று பட்டால் வியர்க்கும். ஏசியை அணைத்து உடனே சன்னலைத் திறக்காதீர்கள்.

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் வருகிறார். 5080 வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: வாரண்டிதான் சிக்கல். பல கம்பெனிகள் வாங்கிய பகுதியில்தான் சேவை தருகின்றன. மச்சானிடம் பெட்டியின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அந்த கம்பெனியின் இந்தியச் சேவை மையத்தில் எழுத்தில் கேளுங்கள். லேப்டாப்புக்கு உள்ள சுங்கச் சலுகை தனிக் கார்டுக்கு இல்லை, வரம்பைத் தாண்டிய மதிப்புக்கு வரி உண்டு. வரியையும் சேர்த்துப் பார்த்தால் மதுரை விலைக்கு அருகே வந்துவிடும். வாங்கினாலும், வந்தவுடன் ஜிபியு-இசட்டில் ஆர்ஓபி (படத்தின் புள்ளிகளை இறுதியாக முடித்துத் தரும் சிப் பகுதிகள்) எண்ணிக்கையைப் பாருங்கள்: 5080-க்கு 112, 5070 டிஐ-க்கு 96, 5090-க்கு 176. முதல் தொகுதிகளில் எட்டு குறைந்த கார்டுகள் வந்தன, என்விடியாவே ஒப்புக்கொண்டது. குறைந்தால் மாற்றிக் கேளுங்கள், மச்சான் திரும்பிப் போவதற்குள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். கேமராவின் 4:2:2 10 பிட் எச்.265 ஃபைல் டைம்லைனில் நின்று நின்று ஓடுகிறது. 4080 கார்டு இருந்தும் ஏன்?
– வாசகர், ஏர்வாடி

பதில்: 40 வரிசைக் கார்டுகளின் டிகோடருக்கு (சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் பகுதி) 4:2:2 என்ற நிறப் பதிவு முறை தெரியாது. வேலை முழுவதும் பிராசஸர் மேல் விழுகிறது. 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. ஆனால் உடனே கார்டு மாற்ற வேண்டாம். உங்களிடம் இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் இருந்து, அதில் உள்கிராஃபிக்ஸும் இருந்தால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அதை இயக்கிவிட்டு, எடிட்டிங் மென்பொருளில் டிகோடிங்கை அதற்குக் கொடுங்கள். செலவே இல்லை. அது இல்லாதவர்கள் 5070 டிஐ வாங்கலாம், 5090-க்கு இந்த வேலையில் அவசியம் இல்லை.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் கேமிங் கணினி ஓடுமா? கரண்ட் பில் எவ்வளவு கூடும்? லீவில் சென்னையிலிருந்து ரயிலில் கணினியைக் கொண்டுவரவும் வேண்டும்.
– மாணவர், ராமேஸ்வரம்

பதில்: 9070 எக்ஸ்டி போட்ட கணினி விளையாடும்போது மானிட்டரோடு சுமார் 500 வாட் எடுக்கும். 900 விஏ இன்வெர்ட்டர் அதைத் தாங்கும், வேறு பெரிய சுமை இல்லாதவரை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்து, 50 ஆம்பியர் போகும். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) என்பது 20 மணி நேரம் மெதுவாக இறக்கும் கணக்கு, இந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரம் வந்தால் அது நல்ல பேட்டரி. இன்வெர்ட்டரை 'யுபிஎஸ்' நிலையில் வையுங்கள். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை எஸ்எம்பிஎஸ் தாங்காது, அது சுமார் 16 மில்லி செகண்ட்தான் பிடித்துவைக்கும். ஸைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது அவசியம். 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தரும், கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணையும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி அரித்துப் போவது உங்கள் ஊரில் அடிக்கடி நடப்பது.

தினம் நான்கு மணி நேரம், இரண்டு மாதக் கணக்கில், 300 வாட் கார்டு 72 யூனிட் எடுக்கும். 575 வாட் கார்டு 138. பில்லில் உங்கள் வீடு எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து, இந்த 66 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளுமா என்று கணக்கிடுங்கள்.

ரயிலில் வரும்போது கார்டைக் கழற்றி, ஆன்டிஸ்டாடிக் பையில் போட்டு, அதன் சொந்தப் பெட்டியில் கையோடு எடுத்து வாருங்கள். ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள கார்டு ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு இரவு முழுக்கக் குலுங்கினால், முன்பு சொன்ன மயிரிழை விரிசல் அப்படித்தான் வரும். கழற்றும்போது ஸ்லாட் முனையில் உள்ள கொக்கியை முதலில் விடுவியுங்கள், பிறகுதான் கார்டை இழுக்க வேண்டும்.