பிரௌன் ஏல்: செழுமை எது, திகட்டல் எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘பிரௌன் ஏல்’ என்ற பெயரில் 2.8 சதவீத ஆல்கஹால் உள்ள பியர் பாட்டிலும் கிடைக்கிறது, 7 சதவீதத்தைத் தாண்டிய பழுப்பு ஏலும் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட முடியுமா? (லீட்ஸ் வாசகர்)

முடியாது. மதிப்பிட உட்காரும் முன் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். 1902-இல் லண்டனில் தொடங்கிய மான்ஸ் பிரௌன் ஏல் 2.8 சதவீதம்தான். இனிப்பும் மென்மையுமாக இருப்பது அதன் இயல்பு. 1927-இல் வந்த நியூகாசில் பிரௌன் ஏல் 4.7 சதவீதம். வட இங்கிலாந்துப் பாணியில் இனிப்பு குறைந்து, கொட்டைப் பருப்பின் வாசனை தூக்கலாக இருக்கும். செட்ஜ்லியின் பீக்கன் ஹோட்டலில் காய்ச்சப்படும் டார்க் ரூபி மைல்டு 6 சதவீதம். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தின் டிராக்வேர் ஹவுஸ் ஏல் 7.2 சதவீதம். அந்த மாளிகையின் பழைய பியர் காய்ச்சும் கூடத்தைப் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965-இல் மீண்டும் இயக்கினார். இன்றும் ஓக் மரத்தொட்டியில்தான் நொதிக்க விடுகிறார்கள். ‘வீ ஹெவி’ என்று ஸ்காட்லாந்தில் அழைக்கப்படும் வலுவான ஏலுக்கு இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

பியர் நீதிபதிகளுக்கான பிஜேசிபி கையேடு வீ ஹெவிக்கு 6.5 முதல் 10 சதவீதம் வரை இடம் தருகிறது. பிரிட்டிஷ் பிரௌன் ஏலின் வரம்பு 6 சதவீதத்தை எட்டாது. மான்ஸைப் பார்த்து ‘உடம்பு போதவில்லை’ என்றோ, டிராக்வேரைப் பார்த்து ‘கனமாக இருக்கிறது’ என்றோ மதிப்பெண் குறைத்தால் தவறு பியர்மேல் இல்லை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட, மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மிகுந்த ஏல்களைப் பற்றியவை.

கேள்வி: நிறம் கறுக்கக் கறுக்க வலுவும் கூடுமா? (பெங்களூரு வாசகி)

இல்லை. டிராட் கின்னஸ் கரிய நிறம், ஆனால் ஆல்கஹால் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும். பெல்ஜியத்தின் டூவெல் பொன்னிறம், அதில் 8.5 சதவீதம். வறுத்த மால்ட் சில நூறு கிராம் சேர்ந்தாலே நிறம் மாறிவிடும். வலுவைத் தீர்மானிப்பது நொதித்த சர்க்கரையின் அளவு.

கேள்வி: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ருசி பார்த்தால் மணமே வருவதில்லை. சரியான முறை என்ன? (டொராண்டோ வாசகர்)

உங்கள் ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் மால்டின் மணம் கிளம்பாது, இனிப்பு அமுங்கி கசப்பும் கரியமில வாயுவின் குத்தலும் மட்டும் முன்னே நிற்கும். பாட்டிலை வெளியே எடுத்து 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரும்வரை காத்திருங்கள். சாதாரண அறையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். பிறகு கைப்பழக்கம் வந்துவிடும்.

கிண்ணம் அகன்று வாய் குறுகிய, 300 மி.லி. அளவு கண்ணாடிக் கோப்பை நல்லது. அதில் 100 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம். மீதியிடம் மணம் தேங்குவதற்கு. சோப்புப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை நிற்காது. வெந்நீரில் பலமுறை அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள். துணியால் துடைத்தால் துணியின் வாடை ஒட்டும். அன்று சென்ட், வாசனைக் கிரீம், மல்லிகைப்பூ எதுவும் அருகில் வேண்டாம்.

கோப்பையைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, கடைசியில் நிமிர்த்தி ஒரு விரல் நுரை எழுப்புங்கள். நுரை எழுந்ததும் முதலில் மோந்து பாருங்கள். எளிதில் ஆவியாகும் வாசனைகள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும், கந்தக வாடை முக்கியமாக. ஆழ இழுக்காமல் இரண்டு மூன்று குட்டை மூச்சுகள் போதும். அதைக் குறித்துக்கொண்ட பிறகே நிறமும் தெளிவும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுதும் படரவிட்டு, விழுங்குங்கள். ஒயின்காரர்களைப் போல் துப்ப வேண்டாம். கசப்பின் முழு அளவும் பின்சுவையும் விழுங்கிய பிறகே தெளிவாகத் தெரியும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மால்டின் பாதி விவரம் அந்த மூச்சில் இருக்கிறது.

முதல் வாய்க்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். கோப்பையை உள்ளங்கையில் பிடித்துச் சூடேற்றி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ருசியுங்கள். நல்ல ஏல் 15 டிகிரியை எட்டும்போது விரியும். குறையுள்ளது அப்போது அம்பலமாகும்.

கேள்வி: ‘மால்ட் செழுமை’ என்று விமர்சகர்கள் எழுதுவதும் இனிப்பும் ஒன்றுதானா? குடித்தால் எனக்கு எல்லாமே பாகு மாதிரி இருக்கிறது. (எடின்பரோ வாசகர்)

ஒன்றல்ல. இந்தப் பகுதியில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதுதான். மால்ட் என்பது மணமும் சுவையும். இனிப்பு என்பது நாக்கில் மிஞ்சும் சர்க்கரை. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் வரும் வாசனை முளைகட்டிய பார்லி, கோதுமையிலிருந்து வருவது. அந்த வாசனை முழுக்க இருந்தும், விழுங்கிய பின் வாய் காய்ந்து சுத்தமாகும் ஏல் உண்டு. மால்ட் வாசனையே இல்லாமல் வெறும் சர்க்கரைத் தண்ணீராக இனிக்கும் ஏலும் உண்டு.

பிரித்தறிய எளிய வழி: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் விழுங்குங்கள். அப்போது தெரிவது இனிப்பு, கசப்பு, புளிப்பு மட்டும். மூக்கை விட்டதும் வந்து சேர்வது மால்ட். இந்தச் சோதனையை நான்கைந்து முறை செய்தால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து அந்த மால்ட் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள். மாரிஸ் ஆட்டர் போன்ற பார்லியில் செய்த அடிப்படை மால்ட் பிஸ்கட், ரொட்டி வாசனை தரும். ஈரத்தோடு சூடாக்கி உள்ளே சர்க்கரை உருவாக்கிய பிறகு வறுக்கும் கிரிஸ்டல் மால்ட், டாஃபியும் உலர் திராட்சையும் தரும். கடுமையாக வறுத்த சாக்லேட் மால்ட் தருவது கொக்கோ, காபி. வீ ஹெவியில் இன்னொன்றும் உண்டு. மால்டை ஊறவைத்ததும் முதலில் வடியும் கெட்டியான சாற்றில் ஒரு பகுதியைத் தனியாகச் சுண்டக் காய்ச்சிச் சேர்ப்பார்கள். கருப்பட்டிப் பாகின் ஆழம் அதில் கிடைக்கும். கிரிஸ்டல் மால்டை அள்ளிப் போட்டு அந்த ஆழத்தைக் கொண்டுவர முயல்பவர்களே அதிகம். விளைவு, மூன்றாவது வாயிலேயே திகட்டிவிடும். புகைவாசனை வந்தால் ‘ஸ்காட்லாந்து மரபு’ என்று பாராட்ட வேண்டாம். பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகை காட்டிய மால்ட் விஸ்கிக்கு உரியது, இந்த ஏலுக்கு அல்ல.

வலுவான ஏலை நாங்கள் எடைபோடும் இடம் கடைசி வாய். கோப்பையின் அடியில் இருப்பது சூடேறி, வாயு இறங்கி, ஒளிந்துகொள்ள எதுவும் இல்லாமல் நிற்கிறது. அந்த நேரத்திலும் அடுத்த வாய் வேண்டும் என்று தோன்றினால் அது செழுமை. தண்ணீர் தேடினால் திகட்டல். ஆல்கஹாலும் அங்கேதான் பிடிபடும். நெஞ்சில் இதமான சூடு பரவினால் சரி. தொண்டை கமறி எரிந்தால் நொதித்தபோது வெப்பம் மிஞ்சி, கன ஆல்கஹால்கள் உருவாகிவிட்டன என்று பொருள்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் பிரிக்கிறார்கள்? (லண்டன் வாசகி)

பிஜேசிபி தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். அழகான ரூபி நிறத்துக்கு மயங்கித் தாராளம் காட்ட இடமில்லை. 45-க்கு மேல் அபூர்வம். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு. 30 முதல் 37 வரை வகைக்குப் பொருந்தி, சிறு குறைகள் உள்ளது. 21-க்குக் கீழே போனால் குறைகள் முன்னால் வந்து நிற்கின்றன என்று அர்த்தம். முதலில் வாக்கியமாக எழுதி, பிறகு எண் போடுங்கள். எண்ணை முதலில் போட்டால் வாக்கியங்கள் அதற்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

ஒரே அமர்வில் ஐந்தாறு வகைக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் 50 மி.லி. போதும். இடையில் வெறும் ரொட்டியும் தண்ணீரும். வலு குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்லுங்கள். 7.2 சதவீத 330 மி.லி. பாட்டில் ஒன்றில் பிரிட்டன் கணக்குப்படி ஏறத்தாழ 2.4 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது. அங்கே வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பதே அரசு மருத்துவ அறிவுரை. ருசி பார்க்கும் நாளில் வண்டிச் சாவியைக் கையில் எடுக்கவே கூடாது.

கேள்வி: ஸ்டோர்ரூமில் ஒரு வருடம் வைத்திருந்த பாட்டிலில் நனைந்த அட்டை வாடை. இன்னொன்றில் சோயா சாஸ் வாடை. வலுவான ஏல் கெடாது என்றார்களே? (சிங்கப்பூர் வாசகர்)

கெடும். வெப்பம் இருந்தால் வேகமாகவே கெடும். நனைந்த அட்டை ஆக்ஸிஜன் செய்த வேலை. டிரான்ஸ்-2-நோனினல் என்ற பொருளைத்தான் இதற்கு முதல் காரணமாகச் சொல்வார்கள். 30 டிகிரி அறையில் சில வாரங்களில் நடப்பது, 10 டிகிரியில் பல மாதம் பிடிக்கும். ஆக்ஸிஜனின் வேறு சில விளைவுகள், ஷெர்ரி ஒயின், பேரீச்சம்பழம் போன்ற மணமாக வெளிப்படும். முதிர வைத்த ஏலில் அது அளவோடு இருந்தால் நல்லது, மதிப்பெண் கூட்டலாம். அட்டை வாடைக்கு எந்த வகையிலும் மன்னிப்பு இல்லை. சோயா சாஸ் வாடை, அடியில் தங்கிய ஈஸ்ட் செல்கள் செத்துச் சிதைந்ததால் வருவது. சமையலில் ஊற்றிக்கொள்ளலாம், மதிப்பிட உதவாது.

இனி வாங்குவதை நிமிர்த்தி, இருட்டில், 10 முதல் 13 டிகிரியில் வையுங்கள். நிறமற்ற கண்ணாடிப் பாட்டில்களில் கூடுதல் கவனம் தேவை. நியூகாசில் பிரௌனும் சாமுவேல் ஸ்மித் நட் பிரௌனும் அப்படித்தான் வருகின்றன. பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து, காட்டமான கந்தக நெடியாக மாறும். வெயிலில் சில நிமிடங்களே போதும். கடையின் விளக்கடியில் முன்வரிசையில் நிற்பதை விட்டு, பின்வரிசைப் பாட்டிலை எடுங்கள்.

கேள்வி: வெண்ணெய் வாசனை டாஃபியா, குறையா? (கிளாஸ்கோ வாசகி)

டாஃபி வாசனையில் சர்க்கரை கருகிய ஓரம் இருக்கும். நொதிப்பில் உருவாகும் டையசெட்டைல் என்ற பொருளில் பாக்கெட் பாப்கார்னின் வெண்ணெய் இருக்கும், நாக்கில் வழவழப்பும் சேரும். பிரிட்டிஷ் ஏல்களில் மிக இலேசாக இருந்தால் பொறுக்கலாம். முதல் மோப்பத்திலேயே தெரிந்தால் குறை.

கேள்வி: வீட்டில் 20 லிட்டர் காய்ச்சினேன். நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.080. இரண்டு வாரமாக 1.034-இல் நிற்கிறது, திகட்டுகிறது. பாட்டிலில் அடைக்கலாமா? (மெல்போர்ன் வாசகர்)

அடைக்காதீர்கள். இந்த நிலையில் ஆல்கஹால் (1.080 – 1.034) × 131.25, அதாவது ஏறத்தாழ 6 சதவீதம். சர்க்கரைச் சத்தில் 57 சதவீதம்தான் நொதித்திருக்கிறது. நீங்கள் எட்ட வேண்டியது 1.020 முதல் 1.024. பாட்டிலுக்குள் நொதிப்பு மறுபடி தொடங்கினால் கண்ணாடி வெடிக்கும்.

முதலில் அளவையைச் சரிபாருங்கள். ஒளி விலகலை வைத்து அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரில் பார்த்திருந்தால் அந்த எண் செல்லாது, ஆல்கஹால் அதைக் கூட்டிக் காட்டும். வாயுவை வெளியேற்றி, 20 டிகிரியில் ஹைட்ரோமீட்டரால் அளங்கள். அதுவும் 1.034 என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். மாவை ஊறவைத்த வெப்பம் 69 டிகிரிக்கு மேல் போய், நொதிக்காத சர்க்கரை அதிகமாகிவிட்டது. அல்லது ஈஸ்ட் போதவில்லை. இந்த அடர்த்திக்கு 20 லிட்டருக்கு 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் இரண்டு வேண்டும். அல்லது இரவில் குளிர்ந்து ஈஸ்ட் அடியில் தூங்கிவிட்டது.

எது என்று அறிய 200 மி.லி. தனியே எடுத்து, உலர் ஈஸ்டைத் தாராளமாகப் போட்டு, 25 டிகிரியில் மூன்று நாள் வைத்து, அடிக்கடி குலுக்குங்கள். அதுவும் 1.034-இலேயே நின்றால் முதல் காரணம்தான். இனி இறங்காது, அடுத்த முறை 66 டிகிரியில் ஊறவையுங்கள். இறங்கினால் தொட்டியை 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, தெறிக்காமல் மெல்லச் சுழற்றி ஈஸ்டைக் கிளப்புங்கள். நான்கு நாளில் அசையவில்லை என்றால், சிறிது சாற்றில் வளர்த்து நுரை பொங்கும் நிலையில் உள்ள புது ஈஸ்டைச் சேருங்கள். காய்ந்த தூளை அப்படியே கொட்டினால் 6 சதவீத ஆல்கஹாலில் பெரும்பகுதி செத்துப்போகும். காற்றைக் கலக்க வேண்டாம், இந்தக் கட்டத்தில் அது அட்டை வாடைக்கு அழைப்பு.

மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவைகளும் ஒன்றாக இருந்தால், 100 மி.லி.யை மூடிய பாத்திரத்தில் 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியதும் சூடாக்காத மாதிரியோடு மோந்து பாருங்கள். வெண்ணெய் வாசனை வந்தால் இன்னும் சில நாள் 21 டிகிரியிலேயே விடுங்கள், ஈஸ்ட் அதைத் தின்று தீர்க்கும். வராவிட்டால் 20 லிட்டருக்கு 90 கிராம் சாதாரண சர்க்கரையைக் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்த்து அடைக்கலாம். அதற்குமேல் வாயு ஏறினால் இந்த ஏலின் வழவழப்பு கெடும்.