வேட்டியில் ஒரு சொட்டு அயோடின்

கேள்வி: 'கார்போஹைட்ரேட் என்றாலே விஷம்' என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, இரண்டு மாதமாகச் சோற்றை அடியோடு விட்டுவிட்டேன். வாழைத்தண்டு, கொத்தவரங்காய், கீரைதான் சாப்பாடு. சர்க்கரைக்கு மாத்திரையும் எடுக்கிறேன். கார்போஹைட்ரேட் இல்லாமலே உடம்பு ஓடும்தானே?
– ஈரோடு வாசகி

பதில்: நீங்கள் கார்போஹைட்ரேட்டை விடவே இல்லை, அம்மா. வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கிறீர்களே, அந்த நாரில் பெரும்பங்கு கார்போஹைட்ரேட்தான். கொத்தவரை விதையில் இருக்கும் பசையும் அதே இனம்; ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்க அதைச் சேர்க்கிறார்கள். நீங்கள் விட்டது சோற்றை மட்டும்தான்.

சோற்றில் இருப்பது ஸ்டார்ச் என்கிற மாவுச்சத்து, நாரில் இருப்பது செல்லுலோஸ். இரண்டுமே குளுக்கோஸைக் கோத்த நீளமான சங்கிலிகள். குளுக்கோஸ் ஒன்றேதான், கோத்த விதம் வேறு. ஸ்டார்ச்சில் எல்லாக் குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து இணைவதால் சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருளும். செல்லுலோஸில், எதிரும் புதிருமாகப் பூ வைத்துக் கட்டுகிற மாதிரி, ஒன்று விட்டு ஒன்று திரும்பி இருக்கும். அதனால் சங்கிலி நேராக ஓடும். பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். பருத்தி நூலின் பலம் அங்கிருந்துதான் வருகிறது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி முதல் வகை இணைப்பை வெட்டும், இரண்டாவதைத் தொடாது. சோற்றை மெல்ல மெல்ல இனிக்கிறது; துணியை எவ்வளவு மென்றாலும் இனிக்காது.

தறிக்குப் போகும் பாவுக்குக் கஞ்சி போடுவதை உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்ச்சை செல்லுலோஸ் மேல் பூசுகிற வேலை அது. கஞ்சி போட்ட வேட்டியின் ஓரத்தில் டிங்க்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கருநீலமாகும். கஞ்சியில்லாமல் நன்றாகத் துவைத்த பழைய துணியில் விட்டால் வெறும் பழுப்புக் கறைதான். ஸ்டார்ச் சுருளின் நடுவே இருக்கிற குழலுக்குள் அயோடின் போய் உட்காருவதால் அந்த நீலம். செல்லுலோஸில் அந்தக் குழலே கிடையாது.

அந்த நார் உடம்புக்கு வீண் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் செல்லுலோஸை உடைத்துக் கொடுப்பதால்தான் வைக்கோல் பாலாகிறது. நம் பெருங்குடலிலும் நுண்ணுயிர்கள் சில வகை நார்களை நொதிக்க வைக்கின்றன. அதில் வரும் சிறு கொழுப்பு அமிலங்கள்தான் குடல் செல்களுக்குச் சாப்பாடு.

சரி, கார்போஹைட்ரேட்டைச் சாப்பிடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடம்பு அப்போதும் அதை விடாது. புரதத்திலிருந்தாவது குளுக்கோஸ் செய்துகொள்ளும். பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் 1857-இல் கல்லீரலிலிருந்து கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார்; உடம்பு குளுக்கோஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் 8 முதல் 12 குளுக்கோஸுக்கு ஒரு கிளை விட்டு, புதர் மாதிரி அடர்ந்திருக்கும். நல்ல ஆகாரம் உள்ளவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கும். கிளை அதிகம் என்றால் நுனிகளும் அதிகம். கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அத்தனை நுனியிலிருந்தும் ஒரே நேரத்தில் குளுக்கோஸ் கழன்று வரும். இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதையும் கேளுங்கள். ஏ குரூப் ரத்தத்துக்கும் பி குரூப்புக்கும் உள்ள வித்தியாசம், சிவப்பணுவின் மேல் நிற்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான். அது மாறிய ரத்தத்தை ஏற்றினால் உயிரே போகலாம். இந்தச் சர்க்கரையும் கார்போஹைட்ரேட்தான். இப்படி ரத்தத்திலும் கல்லீரலிலும் இருப்பதை 'விஷம்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சர்க்கரை உள்ளவர் சோற்றின் அளவைக் குறைப்பது நியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சில மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே அவற்றை எடுத்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயக்கம் வரலாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த மாத்திரை வரிதான். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். சோற்றை விட்டது இரண்டு மாதமாக என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.