உப்பைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கம் நாகமரையில் இருக்கிறேன். மேட்டூர் அணைத் தண்ணீரில் சொந்தப் படகில் மீன் பிடிக்கிறேன். தை மாதம் கடலூரில் பழைய மோட்டார் வாங்கி விற்கும் ஒருவரிடம் படகின் பின்னால் மாட்டும் 15 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் ஒன்றை 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். மனைவியின் செயினை அடகு வைத்த பணம். டிரம் தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். டூவீலர் மெக்கானிக்கான என் மச்சானும் கூட இருந்தார். மூன்றாவது வாரம் நடுத்தண்ணீரில் சூடாகி ஜாம் ஆகிவிட்டது. போன் செய்தால் மரியாதையில்லாமல் பேசுகிறார். 15,000 தருகிறேன், ஆளை விடு என்கிறார். மச்சான் ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் போகும் வழியெல்லாம் உப்பு பூத்துக் கிடக்கிறது. ஆனால், "ஏரியில் ஓடின மோட்டார், கடல் தண்ணியே படாதது" என்று முன்பு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தார். மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா? மச்சான் 22,000 ரூபாயில் சரிசெய்து தருகிறேன் என்கிறார். செய்யட்டுமா?

பதில்: உங்கள் வழக்கு அந்த வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. செயின் அடகுக்குப் போனது, அவர் பேசிய பேச்சு, நடுத்தண்ணீரில் நின்ற அவமானம் எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கை ஜெயிக்க வைப்பது அவை அல்ல. புகார் மனுவில் நான் ஒரு வரி எழுதினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

பழைய பொருள் சரியில்லை என்று மட்டும் சொன்னால் நீங்கள் தோற்க வாய்ப்பு அதிகம். பொருள் விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவு, வியாபாரி விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அவர் பிறகு வாய் திறக்க முடியாது. நீங்கள் மெக்கானிக்கையே கூட்டிப் போயிருக்கிறீர்கள். 15-ஆம் பிரிவு வேறு. சொன்ன விவரத்துக்கு ஏற்ற பொருளாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதில் கேள்வி. சோதித்தாயா இல்லையா என்ற விலக்கு அங்கே கிடையாது. கடல் தண்ணீர் படாதது என்று சொல்லி, கடலில் ஓடியதைக் கொடுத்திருக்கிறார். இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் அனுப்பும்போது "மெக்கானிக்கை வைத்து எல்லாவற்றையும் நன்றாகப் பரிசோதித்துத்தான் வாங்கினேன்" என்று எழுதுவது பலருடைய பழக்கம். நாம் விவரம் தெரிந்தவர் என்று காட்டும் ஆசை. அந்த வரியை எழுதாதீர்கள். பத்து நிமிடம் டிரம்மில் ஓடியதைப் பார்த்தோம், அவ்வளவுதான் நடந்தது, அதை அப்படியே சொல்லுங்கள். டிரம்மில் லோடு கிடையாது. படகைத் தள்ளிக்கொண்டு அரை மணி நேரம் ஓடும்போதுதான் அடைபட்ட தண்ணீர் வழி காட்டிக்கொடுக்கும்.

இப்போது உங்களை நான் தடுக்க வேண்டிய இடம். மச்சான் கையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டினால் உங்கள் ஆதாரம் போய்விட்டது. சில வருடங்களுக்கு முன் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். செகண்ட் ஹேண்ட் டிராக்டர், இன்ஜின் போச்சு, அவசரத்துக்கு வேலை பார்த்துவிட்டு பில்லோடு வந்தார். எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: பழைய பிஸ்டன் எங்கே? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாயிற்று. பில் மட்டும் கையில் இருந்தது, ஏன் கெட்டது என்பதற்கு ஒன்றுமே இல்லை. வழக்கு அங்கேயே முடிந்தது.

உங்கள் வியாபாரி என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் ஆயில் சரியாகக் கலக்காமல் ஓட்டிவிட்டார், அதனால்தான் பிஸ்டன் பிடித்தது என்பார். டூ ஸ்ட்ரோக்கில் இது எப்போதும் முதல் பதில், முழுப் பொய் என்றும் தள்ள முடியாது, ஆயில் இல்லாமலும் அதேபோல ஜாம் ஆகும். அது எடுபடாவிட்டால் மேட்டூர் சேறுதான் தண்ணீர் வழியை அடைத்தது என்பார். இரண்டுக்கும் பதில் அந்த உப்பில்தான் இருக்கிறது. சேற்றுக்கும் கடல் உப்புக்கும் வித்தியாசத்தைச் சோதனைக்கூடம் சொல்லிவிடும். நுகர்வோர் ஆணையமே பொருளைச் சோதனைக்கு அனுப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆகவே கழற்றிய ஹெட், கேஸ்கெட், போல்ட் வரை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். மோட்டாரின் சீரியல் நம்பர் தகடும் உப்புப் பூத்த இடமும் ஒரே வீடியோவில் தொடர்ச்சியாகத் தெரியும்படி எடுங்கள். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை ஒரு கேனில் மூடி வையுங்கள். ஆயில் வாங்கிய ரசீது இருந்தால் அதையும் கூட.

அப்புறம், போன். வாய்ஸ் வந்த அதே போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மச்சானுக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருக்கிறேன் என்பது போதாது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுத்தால்தான் எதிர்த்தரப்பு வாயை மூடும்.

போலீஸ் வேண்டாம். சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள் என்பது ஒரு பக்கம். கோபத்தில் அங்கே எழுதிக் கொடுக்கும் கதைக்கும் ஆணையத்தில் நாம் சொல்லும் கதைக்கும் ஒரு தேதி மாறினாலும் உங்களையே பொய்யர் ஆக்கிவிடுவார்கள். கடலூர் வரை அலையவும் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருட கெடு இருக்கிறது. உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஒன்று மட்டும்: சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் மோட்டார் என்பதால்தான் நீங்கள் நுகர்வோர். படகை வாடகைக்கு விட்டிருந்தால் என்னிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், வழக்கின் அடித்தளமே மாறிவிடும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? இங்கே கசப்பான விஷயம். மூன்று வாரம் ஓட்டியிருக்கிறீர்கள், பிறகும் வேண்டாம் என்று எழுத்தில் ஒரு வரி சொல்லவில்லை, பிரித்தும் விட்டீர்கள். மோட்டாரை ஏற்றுக்கொண்டீர்கள் என்றே பொருள் விற்பனைச் சட்டம் 42-ஆம் பிரிவில் பார்க்கும். அப்படிப் பார்த்தால் 62,000 முழுசாகத் திரும்பாது, நஷ்ட ஈடுதான். அது பழுது பார்க்கும் செலவை ஒட்டியே வரும், அதாவது அந்த 22,000, கொஞ்சம் கூடலாம். பொருளைச் சோதிக்க வேண்டிய புகாரை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும். அத்தனை நாளும் மோட்டார் பிரித்தபடி துருப்பிடிக்கும், படகு கரையில் நிற்கும்.

ஆகவே 15,000-ஐ வாங்காதீர்கள், ஆனால் பேச்சையும் முறிக்காதீர்கள். இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் குறையை எழுதி அனுப்புங்கள், ஒரு வாரத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் போகட்டும். வாய்ஸ் நம்மிடம் இருக்கிறது, உப்பு அப்படியே இருக்கிறது என்று தெரிந்தாலே தொகை ஏறும். 25,000-க்கு வந்தால் மோட்டாரை நீங்களே வைத்துக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் சீரியல் நம்பரும் தொகையும் இருக்கட்டும். பணம் வராமல் "முழுத் தீர்வு" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். செக் கொடுத்தால் பாஸ் ஆகும்வரை காத்திருங்கள். பணம் அக்கவுண்டில் ஏறிய அன்று மச்சானைக் கூப்பிடுங்கள், உப்பைச் சுரண்டட்டும்.