பார்க்கின்சனும் அடக்க முடியாத அவசரமும்: ஆழ்மூளைத் தூண்டல் குறித்த கேள்வி-பதில்

பார்க்கின்சன் நோயின் நடுக்கம், விறைப்பு பற்றிக் கேட்பவர்கள் நேராகக் கேட்டுவிடுகிறார்கள். நடத்தை மாற்றம் பற்றி எழுதுபவர்களோ "இதை யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அப்படி வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அப்பாவுக்கு ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை (டி.பி.எஸ்.) செய்து சில மாதங்கள் ஆகின்றன. நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் யோசிக்காமல் பேசிவிடுகிறார். கேட்டவர்களுக்கெல்லாம் பணம் கொடுக்கிறார். தடாலென எழுந்து விழப் பார்க்கிறார். குணமே மாறிவிட்டதா?

அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். இந்தச் சிகிச்சையில் மூளைக்குள் எலக்ட்ரோடு என்ற மெல்லிய மின்கம்பியை வைத்து, ஒரு கருவி மூலம் மின்துடிப்பு கொடுக்கிறார்கள். எலக்ட்ரோடை பெரும்பாலும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மிகச் சிறிய பகுதியில்தான் வைக்கிறார்கள். அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. உடல் அசைவைக் கட்டுப்படுத்துவது ஒன்று. இதுவா அதுவா என்று மனம் தடுமாறும்போது, முன்மூளை யோசித்து முடிக்கும்வரை செயலைப் பிடித்து நிறுத்தும் பிரேக்காக இருப்பது இன்னொன்று. பார்க்கின்சனில் இந்தப் பகுதி அளவுக்கு மீறி இயங்குவதால் அசைவு முடங்குகிறது. நொடிக்குச் சுமார் 130 முறை மின்துடிப்பு கொடுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது, கை கால் விடுபடுகிறது. அதோடு சேர்ந்து, முடிவெடுக்கும் முன் வர வேண்டிய தயக்கமும் குறைந்துவிடலாம்.

2007-ல் மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஏறக்குறைய சமமான இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் சற்று நிதானிப்பார்கள். கருவி ஓடிக்கொண்டிருந்த நோயாளிகள் அப்படி நிதானிக்கவில்லை; கருவியை அணைத்தபோது நிதானம் திரும்பியது. ஆய்வுக்கூடத்தில் அளக்கும் இந்த வேறுபாடு எல்லோருடைய வீட்டிலும் வெளியே தெரியும் என்று சொல்ல முடியாது. உங்கள் அப்பாவிடம் தெரிகிறது என்றால், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே சொல்லுங்கள். முதல் சில மாதங்களில்தான் மின்னளவைக் கூட்டி, மாத்திரையைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சப்தலாமிக் நியூக்ளியஸின் மேல்-வெளிப்புறம் அசைவுக்கானது, கீழ்-உட்புறம் உணர்ச்சிக்கானது; இரண்டுக்கும் இடையில் சில மில்லிமீட்டர்தான். மின்சாரம் உட்புறம் கசிந்தால் மிதமிஞ்சிய உற்சாகம், தூக்கமின்மை, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு எல்லாம் வரலாம். எலக்ட்ரோடில் மேலே உள்ள முனைக்கு மின்சாரத்தை மாற்றினாலோ மின்னளவைக் குறைத்தாலோ பல நேரங்களில் சரியாகிவிடும்.

கணவருக்கு இன்னும் அறுவை சிகிச்சை ஆகவில்லை. மாத்திரை மாற்றிய பிறகு இரவெல்லாம் போனில் சூதாடுகிறார். டி.பி.எஸ். செய்தால் இது கூடுமா, குறையுமா?

முதலில் மாத்திரையைப் பார்ப்போம். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற டோபமின் அகோனிஸ்ட் மருந்துகளுக்கும் (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைப் போலவே வேலை செய்பவை) இதற்கும் உள்ள தொடர்பு உறுதியாகத் தெரிந்த ஒன்று. 2010-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 3,090 நோயாளிகளைப் பார்த்தார்கள். சூதாட்டம், அளவற்ற வாங்கல், கட்டுக்கடங்காத தீனி, மிகையான பாலுணர்வு ஆகியவற்றில் ஏதோ ஒன்று 13.6 சதவீதம் பேருக்கு இருந்தது. அகோனிஸ்ட் எடுத்தவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். இதுவரை சூதாடியே அறியாதவருக்கும் வரும். அதனால் அவரோடு சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. பணம் கைமாறாமல் பார்த்துக்கொண்டு, உடனே மருத்துவரிடம் போங்கள்.

சப்தலாமிக் பகுதியில் சிகிச்சை செய்தால் மாத்திரையை நன்றாகக் குறைக்க முடியும். அகோனிஸ்ட் குறைவதால் பலருக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. ஆனால் சிலருக்கு அறுவைக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவதும் உண்டு, பழையது நீடிப்பதும் உண்டு. ஆகவே இப்போது இருக்கும் பழக்கத்தை மறைத்துவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மனநல மதிப்பீடு முன்கூட்டியே நடக்க வேண்டும்.

நான்தான் நோயாளி. அந்த மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அகோனிஸ்டைத் திடீரென விட்டால் பதற்றம், பீதி, கடும் சோர்வு, மனச்சோர்வு வரலாம். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவதோ இன்னும் ஆபத்து: உடல் இறுகி, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே கேடாகலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

எலக்ட்ரோடை வேறு இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லை வராதா?

மூளையில் குளோபஸ் பாலிடஸ் என்ற இன்னொரு பகுதியிலும் வைக்கலாம். அசைவில் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். மனநிலை, சிந்தனை சார்ந்த கவலை உள்ளவர்களுக்குப் பல குழுக்கள் இதையே விரும்புகின்றன. ஆனால் மாத்திரை அவ்வளவாகக் குறையாது. மாத்திரைதான் பிரச்சினை என்றால் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு நேர்மாறாக ஆகிவிட்டது. அறுவைக்குப் பிறகு எதிலும் ஆர்வமில்லை, பேசுவதே இல்லை. கை நன்றாக இருக்கிறதே, பிறகென்ன என்கிறார்கள் உறவினர்கள்.

உறவினர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள், இது முக்கியமான அறிகுறி. மாத்திரையை வேகமாகக் குறைக்கும்போது இப்படி ஆர்வம் வற்றிப்போவது உண்டு. மருந்தைக் கொஞ்சம் திரும்பக் கொடுத்தால் பலர் தெளிகிறார்கள். இதோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுவைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் தற்கொலை எண்ணம் குறித்துக் கூடுதல் கவனம் தேவை. "வாழ்ந்து என்ன பயன்" என்பது போல ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அவர் எதிரிலேயே மருத்துவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? பாலுறவு தொடர்பானது என்பதால் வாயே வரவில்லை.

வாயால் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுதிக் கொண்டுபோய், உள்ளே போகும் முன் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். நோயாளி இதைத் தானாகச் சொல்வது அரிது. பலருக்கு அது ஒரு மாற்றமாகவே தெரிவதில்லை. அதனால் கூட வாழ்பவரின் வார்த்தைக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். எழுதும்போது 'மோசமாக நடந்துகொள்கிறார்' என்று பொதுவாக எழுதாமல், என்ன செய்தார், வாரத்தில் எத்தனை முறை, எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதுங்கள். மாத்திரை மாறிய தேதியையும் கருவியின் அளவை மாற்றிய தேதியையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். காரணம் மருந்தா, மின்னளவா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிதும் உதவும்.