மாடிக் கணினி தெரிகிறது, கோப்புறை திறக்கவில்லை

வணக்கம் ஐயா. கீழ்வீட்டுக் கணினியை விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்புக்கு மாற்றிய பிறகு, மாடியிலுள்ள விண்டோஸ் 10 கணினியின் பெயர் தெரிந்தும் அதன் கோப்புறை திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மதுரை சிம்மக்கல்லில் என் தம்பியின் அச்சகத்திலும் இதே சிக்கல் வந்ததால் சொல்கிறேன்: கேபிளையோ ரவுட்டரையோ மாற்றிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

இதுவரை கடவுச்சொல் இல்லாமல், விருந்தினர் கணக்கின் வழியாகவே உள்ளே போயிருப்பீர்கள். அந்த வழியைப் புதிய பதிப்பு தானாகவே அடைத்துவிடுகிறது. அதை மறுபடி திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடிக் கணினியில் கடவுச்சொல்லுடன் ஒரு கணக்கை உருவாக்கி, கோப்புறையின் 'பிராப்பர்ட்டீஸ்' சாளரத்திலுள்ள 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' ஆகிய இரண்டு பக்கங்களிலும் அதற்கு அனுமதி கொடுங்கள். பிறகு கீழ்க்கணினி பயனர் பெயரைக் கேட்கும்போது, மாடிக் கணினியின் பெயர், பின்சாய்வுக்கோடு (\), கணக்கின் பெயர் என்று இடைவெளியின்றி இடுங்கள். கடவுச்சொல் கட்டத்தில், மாடிக் கணினிக்குள் நுழைய இடும் 'பின்' (PIN) எண்ணை இட்டால் ஏற்காது. தம்பி அரை நாளைத் தொலைத்தது அங்கேதான். பழைய பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கீழ்க்கணினியில், அவற்றை விண்டோஸ் சேமித்து வைக்கும் இடமான 'கிரெடென்ஷியல் மேனேஜரில்' சேமிக்கப்பட்டிருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். இரண்டு கணினிகளிலும் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.